கீறல் இல்லை, வெட்டு

கண்ணாடிக்காரரின் இடது கட்டைவிரல் மடங்காது. அதை அவர் மறைத்ததே இல்லை. புதிதாக யாரைப் பார்த்தாலும் முதலில் அந்த விரலைத்தான் நீட்டுவார். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் இந்த ஊரின் உயரமான கட்டடங்களில் பாதிக்குக் கண்ணாடி அவர் பட்டறையிலிருந்து போனது. கூலியாளாக இருந்தபோது ஒரு கண்ணாடிப் பலகை சரிந்து விரலைப் பதம் பார்த்தது. மருத்துவமனைச் சீட்டில் 'கீறல்' என்று எழுதினார்கள். கீறலுக்கு ஏது லீவு? மறுநாளே முதலாளி வேலைக்கு இழுத்தார். தையல் பிரிந்தது, விரல் விறைத்தது.

இன்று அவரே முதலாளி. விளிம்பு தேய்க்கிற பெண்ணின் முன்கையைக் கண்ணாடி கிழித்துவிட்டது. அவரே வண்டி ஓட்டி மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். தையல் போட்டு முடிகிறவரை பக்கத்திலேயே நின்றார்.

மருத்துவர் எழுதுவதை இன்சூரன்ஸுக்கான 'கோடிங்' எண்களாக மாற்றுகிற பெண், சீட்டும் கையுமாக வந்தாள்.

"கையில வெட்டு, தையல்னு மட்டும்தான் இருக்கு. நீளம் இல்ல, ஆழம் இல்ல, எந்தக் கைன்னுகூட இல்ல. இத வச்சுப் போட்டா சாதாரணக் காயம்தான் வரும் ஐயா."

"உள்ளயும் தச்சாங்களேம்மா! நான் கண்ணால பாத்தேனே!"

"நீங்க பாத்தது செல்லாதுங்க. டாக்டர் எழுதாதது எனக்கு நடக்காதது. கேட்டு அனுப்பிட்டேன், பதில் வரல."

பட்டறைக் கணக்கைப் பார்க்கிற மைத்துனர் போனில் கெஞ்சினார்.

"மச்சான், சும்மா விடுங்க. லீவு வேணா நீங்களே குடுங்க. பெரிய வெட்டுன்னு போனா பட்டறையச் சோதிக்க ஆளு வருவான்."

"நான் குடுத்தா அது என் தயவுடா. சீட்டுல இருந்தா அது அவ உரிமை. நாளைக்கு அவ கை மடங்கலன்னா, நானும் போய்ச் சேந்துட்டா, யார்கிட்டப் போய்க் கேப்பா? வரட்டும் அவன், டீ குடுத்துச் சுத்திக் காட்டறேன்!"

போனை வைத்தவர் நேராக மருத்துவரின் அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பெரியவரே, வெளியில எவ்வளவு கூட்டம் பாருங்க. சின்னதாவே போகட்டுமே."

"சின்னதுன்னா சின்னதுன்னே எழுதுங்க டாக்டரம்மா. ஆனா அளந்து எழுதுங்க." சட்டைப்பையிலிருந்த இரும்பு ஸ்கேலை மேசைமேல் வைத்தார். "நானும் அளப்பேன். ஆனா என் அளவு கண்ணாடிக்குத்தான் செல்லும். நீங்க எழுதற வரைக்கும் இந்த நாற்காலி என்னுது."

மருத்துவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய ஸ்கேலைத் தள்ளிவிட்டுத் தன் அளவுநாடாவோடு எழுந்து போனார். கட்டைப் பிரித்து அளந்தார். வலது முன்கை, இத்தனை நீளம், தோலுக்கு அடியிலும் தையல் என்று எழுதி, நேரமிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கோடிங் பெண்ணை அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார் கண்ணாடிக்காரர்.

"முதலாளி, அப்ப நான் பெரிய ஆளாயிட்டேனா?" என்றாள் அடிபட்டவள்.

"வாய்தான் ஏற்கெனவே பெருசாச்சே."

"நாளைக்கு வேலைக்கு?"

"கை ஆறாம பட்டறை வாசல மிதிச்சுப் பாரு, தெரியும் சேதி!"

மைத்துனர் மறுபடி கூப்பிட்டார். பேசவே விடவில்லை இவர்.

"கீறல் இல்லடா, வெட்டு. எழுதியாச்சு. சோதிக்க வர்றவன் வர்றதுக்குள்ள அந்த விளிம்பு தேய்க்கிற மேடைக்குத் தடுப்பு போட ஆளக் கூப்பிடு."