எடுத்துக் கொடுக்காத வரி

கடைக்காரர் "எத்தனை கிலோ?" என்று கேட்டால் அரைக்குரல் உடனே பதில் சொல்ல மாட்டார். முகத்தை இடப்பக்கம் லேசாகத் திருப்புவார். அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஒரு மூச்சு நேரம் காது கொடுத்துவிட்டு, "ரெண்டு" என்பார். பஸ்ஸிலும் இதே கதைதான். "பக்கத்துல யாரு சார்?" என்று ஒரு கண்டக்டர் கேட்டேவிட்டார்.

அரைக்குரல் என்பது நாடகக் கம்பெனியில் அவருக்கு விழுந்த பெயர். இருபத்திரண்டு வருஷம் மேடையின் இடப்பக்கத் திரைமறைவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நடிகர்கள் மறந்த வசனத்தை எடுத்துக் கொடுத்தவர். கிசுகிசுத்தே தொண்டை தேய்ந்துவிட்டது. "எங்க வீட்டுச் சண்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்டதே இல்ல. இவர் பங்கு வெறுங்காத்தாப் போயிடும்" என்பார் மனைவி.

கம்பெனியின் பேர்போன நாடகம், பெற்ற பிள்ளைபோல் தன்னை வளர்த்த அரசனைத் தூக்கத்தில் கொன்று அரியணை ஏறி, கடைசியில் ஆள் அரவமற்ற அரண்மனையில் தனியாகச் சாகும் ஒரு தளபதியின் கதை. தளபதியாக நடித்தவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். அரைக்குரலைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே அவர்தான். அந்த வேஷத்தின்மேல் அரைக்குரலுக்கு முதல் நாளிலிருந்தே ஒரு கண். "ஒரே ஒரு தடவை அந்த அங்கியப் போட்டுட்டாப் போதும்" என்று மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

வயதாக ஆகப் பெரியவருக்கு ஞாபகம் நழுவியது. ஒரு மாலைக் காட்சியில், கொலையை முடித்துவிட்டு வெளியே வந்த தளபதி அப்படியே நின்றுவிட்டார். கண்கள் இடப்பக்கம் திரும்பின. "கதவைத் திறக்காதீர்கள்! உள்ளே அவர் இன்னும் என்னை மகனே என்று அழைத்துக்கொண்டிருக்கிறார்." இதுதான் வசனம். 'கதவை' என்ற ஒரு சொல் போதும், மீதி தானே வந்துவிடும். அரைக்குரலின் நாக்கு நுனியில் அது இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

சபை அதையும் நடிப்பென்று நினைத்து மூச்சடக்கியது. பிறகு யாரோ இருமினார்கள். பிறகு எங்கோ ஒரு சிரிப்பு. பெரியவர் பார்வையை எடுக்கவே இல்லை. கூட்டத்தில் கை நழுவிய குழந்தை அப்படித்தான் பார்க்கும். திரையை இறக்கினார்கள். அதன்பின் அவர் மேடை ஏறவில்லை.

"உங்களுக்குத்தான் முழு நாடகமும் தலைகீழ்ப் பாடமாச்சே!" என்று முதலாளி அந்த வேஷத்தை அரைக்குரலுக்கே கொடுத்தார். அங்கி அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. குரலை மைக் பார்த்துக்கொண்டது. ஆனால் ஒவ்வொரு காட்சியிலும், சரியாக அதே இடத்தில், அவருக்கு வாய் கட்டிப்போகும். இடப்பக்கம் பார்ப்பார். வேறு ஆளை இன்னும் வைக்கவில்லை, முக்காலி காலி. அங்கிருந்து அவருடைய சொந்தக் குரலே கிசுகிசுக்கும்: "கதவை..." உடன் நடிப்பவர்கள் யாருக்கும் அது கேட்பதில்லை. இப்போதெல்லாம் அது மேடையோடு நிற்பதும் இல்லை. கடைத்தெரு, பஸ், வீடு என்று கூடவே வருகிறது.

போன மாதம் பெரியவரைப் பார்க்க அவருடைய மகள் வீட்டுக்கு அரைக்குரல் போனார். காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனார். பெரியவர் முந்திக்கொண்டார்.

"அன்னைக்கு நீ எடுத்துக் குடுத்திருப்பப்பா. எனக்குத்தான் காது செத்துப்போச்சு. உன்மேல ஒரு குத்தமும் இல்ல." காதில் மாட்டியிருந்த புது மிஷினைத் தொட்டுக் காட்டினார். "இப்ப நல்லாக் கேக்குது. அந்த வரி மட்டும் இன்னும் வர மாட்டேங்குது. எங்க, சொல்லு பார்ப்போம்."

அரைக்குரல் அவர் காதருகே குனிந்தார். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

பெரியவர் கண்களை மூடிக்கொண்டு, மிஷினின் சின்னத் திருகை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே இருந்தார்.