நாற்பத்திரண்டாம் பக்கத்து வாடை

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் பினாயில் அக்கா. இருபத்தாறு வருஷமாக மூன்று மாடிக் கக்கூஸ்களையும் கழுவுகிறாள். வேலை முடிந்ததும் அங்கேயே சோப்புப் போட்டுக் குளித்து, மாற்றுப் புடவை கட்டாமல் வெளியே கால் வைக்க மாட்டாள். சுத்தம் என்றால் என்னவென்று டாக்டர்களே அவளிடம் பாடம் கேட்கலாம்.

அவளைப் பற்றி மகள் ஒரு புத்தகமே எழுதிவிட்டாள். வெளியீட்டு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து அக்கா திருதிருவென்று விழித்தாள். ஒரு பேராசிரியர் எழுந்து, தலித் எழுத்தில் கோபம் இருக்கிற அளவுக்கு அழகு இல்லை என்று குறைப்பட்டார். அடுத்தவர், அந்தக் கோபம்தானய்யா அழகு என்று மேஜையைத் தட்டினார். யார் மகளைப் புகழ்கிறார், யார் திட்டுகிறார் என்று ஒரு மண்ணும் பிடிபடாமல் அக்கா இரண்டு பேருக்கும் கைதட்டிவைத்தாள்.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில் மட்டும் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். முதலாமவர் அதை உருகி உருகிப் படித்தார். பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு, எட்டு வயது மகள் மேடையில். அம்மா வேலையிலிருந்து நேராக ஓடி வருகிறாள். தன் மேல் அடிக்கும் வாடைக்குக் கூசி, கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறாள். பரிசோடு ஓடிவந்து கட்டிக்கொள்ளும் மகளுக்கோ அந்த வாடையே தாய்ப்பாலாக மணக்கிறது. கேட்டவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் இந்த முறை கைதட்டவில்லை.

மறுநாள் காலை மகள் ஒரு கடிதத்தோடு துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, அந்தப் பக்கத்தைப் பள்ளிக்கூடப் பாடத்துல சேக்கப் போறாங்களாம்! இன்னிக்கே நான் கையெழுத்துப் போடணும்."

அக்காவுக்குத் தலை சுற்றியது. உண்மையைச் சொன்னால் பெண்ணுக்கு வந்த பேர் போய்விடும். சொல்லாவிட்டால், அம்மா நாறினாள், அதனால்தான் வெளியே நின்றாள் என்று நம் பிள்ளைகளும் அல்லவா படிக்கும்? மென்று முழுங்கப் பார்த்தாள். முடியவில்லை.

"கண்ணு, அன்னிக்கு எனக்கு லீவு."

"என்னம்மா சொல்ற?"

"புதுச் சோப்புப் போட்டுக் குளிச்சு, நல்ல புடவை கட்டிட்டுத்தான் வந்தேன். பெரிய டீச்சர் என்ன சாதின்னு கேட்டாங்க. சொன்னேன். அப்ப வெளியவே நில்லுன்னுட்டாங்க. உங்கிட்ட சொன்னா இனிமே பள்ளிக்கூடமே போக மாட்டேன்னுடுவியோன்னு பயம். அதான், வேலைலருந்து அப்படியே வந்தேன், நாறும்னு உள்ள வரலன்னு ஒரு பொய்யச் சொல்லிவச்சேன்."

மகள் பேனாவை மூடினாள். கோபமா அழுகையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கடிதத்தை நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் செருகினாள்.

"கையெழுத்துப் போட மாட்டேன். மாத்தி எழுதறேன்" என்றவள், சட்டென்று நின்றாள். "ஆனா அன்னிக்கு உன்னைக் கட்டிப்பிடிச்சப்ப வாடை அடிச்சுதும்மா. இப்பவும் நல்லா ஞாபகம் இருக்கு. இல்லாத வாடை எனக்கு எப்படிம்மா அடிச்சுது?"

அக்காவுக்கும் அது புரியவில்லை. உள்ளங்கையை மெதுவாக மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.