போன வருடத்துக் கொழுப்பு

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு பொய் அறிக்கை எழுதினேன். தண்டனையை இஞ்சி விவசாயி ரஸீன் நானா அனுபவித்தார்.

கண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. பூச்சிகளைக் கொல்லும் நூற்புழுக்களை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுப்போம். கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழு, வேர் தின்னும் வண்டுப் புழுக்களை மண்ணுக்குள் தேடிப் பிடிக்க வேண்டும். பிடிக்கும்வரை பட்டினி. உடம்பிலிருக்கும் கொழுப்புதான் கட்டுச்சோறு. அதில் எந்தக் கொழுப்பமிலம் எவ்வளவு என்பது நாங்கள் வளர்க்கும் தீனியைப் பொறுத்தது. ஒவ்வொரு தொகுதிக்கும் அதை அளந்து எழுதுவது என் பொறுப்பு.

ஒரு வருடம் தீனியை மாற்றியிருந்தோம். அளக்கும் கருவிக்கோ காஸ் சிலிண்டர் இல்லை. மேலிடத்துக்குக் கடிதம் போட்டேன். என் கடிதம் கிடைத்ததாக ஒரு கடிதம் வந்தது. சிலிண்டர்தான்... வரவில்லை.

"சேர், நெளியுது தான். ஆனா உள்ளுக்கு கண்ணாடி மாதிரி இருக்கு. கொழுப்பே இல்ல" என்றார் உதவியாளர் செல்வி, நுணுக்குக்காட்டியிலிருந்து தலையைத் தூக்காமல்.

நான் என்ன செய்தேன்? போன வருட அட்டவணையைத் தசமப் புள்ளி உட்பட அப்படியே பார்த்தெழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்து, புழுப் பெக்கட்டுகளோடு அனுப்பினேன்.

கலகெதரயில் அதைத் தெளித்த ரஸீன் நானாவின் இஞ்சி முழுவதும் வண்டுப் புழுக்களுக்குத் தீனியாகப் போயிற்று. அவர் பேச்சை நம்பி, அவர் வாங்கி வந்து கொடுத்த அதே புழுவைத் தெளித்த அயலவர்களின் இஞ்சியும் போயிற்று. விசாரிக்கப் போன நான், எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னேன்: "பெக்கட்ட வெயில்ல வச்சிருப்பீங்க நானா, புழு செத்திருக்கும்."

அன்றிலிருந்து அயலவர் யாரும் அவரோடு பேசுவதில்லை.

நான் ஓய்வு பெற்றும் வருடங்கள் ஆகிவிட்டன. அண்மையில் கட்டுகஸ்தோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே வந்த ரஸீன் நானா நின்று சுகம் விசாரித்தார். என்னைப் போய்... மறுநாளே கலகெதர பஸ்ஸில் ஏறினேன். உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், மனிதர் எழுந்து சேர்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"எனக்கிட்ட செல்லி என்ன சேர்? நான் வெயில்ல வைக்கல்ல எண்டு எனக்குத் தெரியும் தானே. வாங்க, ஜெமீல்ட்ட செல்லுங்க."

ஜெமீல் அடுத்த தோட்டக்காரர். பிளேன்டீ தந்தார். பொறுமையாகக் கேட்டார். பிறகு ரஸீன் நானாவின் பக்கம் திரும்பாமலே என்னிடம் கேட்டார்:

"இத வந்து செல்லுங்க எண்டு இவரு எத்தின தரம் கெஞ்சினாரு சேர்?"

எரிச்சல் தலைக்கேறியது. அன்றைய பொய்யை ஒரே நிமிடத்தில் நம்பிய மனிதர் இவர்! பொய் சொன்னபோது என்னிடம் அட்டவணை இருந்தது, ரப்பர் முத்திரை இருந்தது. உண்மைக்கு வெறும் வாய்தான் இருக்கிறது. அது போதாதாம்.

"அப்ப எழுதித் தாங்க" என்றார் ஜெமீல். "அண்டைக்கு எழுதித்தானே தந்தீங்க."

இதோ, எழுதிவிட்டேன். ஜெமீல் வாங்குவதும் இந்தப் பத்திரிகைதான்.

படித்தீர்களானால், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சலாம் சொல்லிவிடுங்கள், ஜெமீல்.