வடம் தொட்டவர்கள்

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இப்போது சொல்லும்போதும் எனக்குக் கொஞ்சம் தலை நிமிரத்தான் செய்கிறது. மூன்றாம் வகுப்பு முடித்த அந்தக் கோடை விடுமுறையில் நிமிர்ந்த தலை இறங்கவே இல்லை. பஸ் போர்டு, மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் கைக்குத்தான் வரும். டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த கால்பந்துப் போட்டி நோட்டீஸை மாமாவுக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான்.

மாமா அம்மாவின் தம்பி. ராஜபாளையத்தில் எங்களோடுதான் இருந்தார். நூல் மில்லில் பேல் என்கிற பஞ்சுப் பொதி இறக்குகிற வேலை. ஆனால் ஊருக்குள் அவர் பெயர் பெற்றது கால்பந்தில். அவர் ஆட மாட்டார். கத்துவார். எங்கள் ஊர் டீமில் ஆடுவதற்குப் பதினோரு பேர் என்றால், அவர்களுக்காகக் கத்துவதற்கு நாற்பது பையன்கள் உண்டு. அந்த நாற்பது பேரும் எப்போது கத்த வேண்டும், யாருடைய பாட்டனாரை இழுக்க வேண்டும் என்பதெல்லாம் மாமா முடிவு செய்வது.

முந்தின வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் டீமோடு இறுதிப் போட்டி எங்கள் ஊரில் நடந்தது. கோல் என்று இவர்கள் சொன்னதை நடுவர் கோல் இல்லை என்றார். நாற்பது பேரும் மைதானத்துக்குள் இறங்கினார்கள். திரும்பி வரும்போது கோல் வலை கிழிந்திருந்தது, ஒருவனுக்குப் பல் போயிருந்தது, எல்லைக்காக நட்டிருந்த சவுக்குக் கம்புகளில் ஒன்றுகூட நட்ட இடத்தில் இல்லை. அந்தத் தடவை போலீஸ் திட்டியதோடு விட்டுவிட்டது.

இந்த வருஷமும் அதே இரண்டு டீம், ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆடுகளத்துக்குள் இறங்கும் பார்வையாளர் மீது வழக்குப் பதிவு செய்யப்படும் என்று நோட்டீஸின் கடைசி வரி சொன்னது. மாமா அதை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"வழக்குன்னா கேஸு தான?"

"ஆமா மாமா."

"வேற அர்த்தம் எதுவும் இல்லையே?"

இல்லை என்றேன். மாமா துபாய் போவதற்குப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தார். ஸ்டேஷனிலிருந்து என்றைக்கு வேண்டுமானாலும் விசாரிக்க வருவார்கள் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். பெயரில் கேஸ் இருந்தால் பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட் இல்லையென்றால் ஆயுசுக்கும் பேல் இறக்க வேண்டியதுதான். அவர் போய்ச் சம்பாதித்து அனுப்பித்தான் எங்கள் தகரக் கூரைக்குப் பதிலாகத் தட்டோடு பதித்த மொட்டைமாடி வருவதாக இருந்தது. நான் படிக்கப்போகும் படிப்புக்கும் அந்தப் பாஸ்போர்ட்டைத்தான் அம்மா நம்பியிருந்தாள்.

அதனால் மேட்ச் பக்கமே தலைவைக்கக் கூடாது என்றாள்.

"நான் போகலேன்னா பயலுகள யாருக்கா அடக்குவா?"

"ஒன்னைய யாருல அடக்குவா?"

ஒரு நாள் முழுக்க இந்த வழக்கு நடந்தது. கடைசியில் அம்மா ஒரு நிபந்தனையோடு விட்டாள். போனால் என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், தோளைவிட்டு இறக்கக் கூடாது. நன்றாகப் படிப்பதற்காகக் கிடைத்த பரிசு இது என்று நான் எண்ணிக்கொண்டு எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, ரிப்பன் வைத்துக் கிளம்பினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்குப் பெரியப்பா இருந்தார், அம்மாவின் அக்கா புருஷன். கொத்தனார். போட்டிக் கமிட்டியிலும் ஒருவர். இதெல்லாவற்றையும்விட அவருக்கு வேறொரு பெருமை இருந்தது. ஆடித் தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் அவர். அத்தனை பெரிய தேர் தெருமுனையில் திரும்ப வேண்டும் என்றாலும் நிற்க வேண்டும் என்றாலும், உருண்டு வரும் சக்கரத்தடியில் ஒருவர் கட்டையைச் செருக வேண்டும். ஒரு நொடி பிந்தினால் கால் போகும். அந்த இடத்துக்கு எல்லோரையும் விட மாட்டார்கள். போலீஸ் கொடுக்கும் அனுமதி அட்டை வேண்டும். பெரியப்பா தன் அட்டையைப் பெட்டியில் வைத்திருந்து நான் போகும்போதெல்லாம் எடுத்து நீட்டுவார். நான் அவர் பெயரைச் சத்தமாக வாசிப்பேன். அவர் யாரோ புதிய ஆளைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வார்.

மாமாவுக்கும் அவருக்கும் மச்சான் முறை. பார்த்த இடத்தில் ஆரம்பித்துவிடுவார்கள்.

"வா மாப்ளே. ராசபாளையத்து நாயின்னா வெள்ளையால்லா இருக்கும். நீ கருப்பா இருந்துக்கிட்டு எம்புட்டுக் கொலைக்க."

"ஒங்க ஊருப் பயலுக பால்கோவாவத் தின்னுட்டு ஓட ஏலாமக் கெடக்கானுக. அதான் போன வருசம் அவனுகளுக்குப் பதிலா நடுவரை ஓட விட்டிய, மச்சான்."

அன்றைக்கு மைதானத்தைச் சுற்றி ஒரு கம்புகூட இல்லை. கம்பு நட்டால் அதைப் பிடுங்கித்தான் அடித்துக்கொள்வார்கள் என்று கமிட்டிக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பதிலாகப் பெரியப்பா ஒரு காரியம் செய்திருந்தார். கிணறு வெட்டுகிறவர்களிடம் கைப்பருமன் வடக்கயிறுகளைக் கேட்டு வாங்கி, ஒன்றோடொன்று முடிந்து, மைதானத்தைச் சுற்றிலும் ஒரே வடமாகப் போட்டிருந்தார். அதற்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, அங்கங்கே பூச்சரம் சுற்றி, முடிச்சு விழுந்த இடத்தில் சூடமும் காட்டினார். பிறகு இரண்டு ஊர்ப் பையன்களையும் கூப்பிட்டு வெளிப்பக்கமாக நின்று வடத்தைப் பிடிக்கச் சொன்னார்.

"தேருக்கு என்ன வழக்கமோ அதுதாம்ல இங்கயும். வடத்தத் தொட்டவன் தேரு நெலைக்கு வார வரைக்கும் கைய எடுக்கப்படாது."

"தேரு எங்க மச்சான்?" என்றார் மாமா.

"உள்ள உருளப்போகுதே, அதுதான் தேரு. பிடி."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் பிடித்தார்கள். அந்தப் பக்கத்தில் தேர் வடம் தொடாத பையன் கிடையாது. பாதியில் கையை எடுத்தவனைத் தெருவே வருஷம் பூராவும் கேலி பேசும்.

முதல் பாதி முழுவதும் அந்தத் தந்திரம் அழகாக வேலை செய்தது. வாய்தான் வேலை செய்தது, கை செய்யவில்லை. கல்லெடுக்கக் கை இல்லை, தண்ணீர் பாக்கெட் வீசக் கை இல்லை. மூக்கு அரித்த ஒருவன் பக்கத்தில் நின்ற எதிரூர்க்காரனின் தோளில் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். அவன் இவனுடைய அம்மாவைத் திட்டிக்கொண்டே தோளைக் காட்டினான். கடலை விற்கிற அக்கா ஒவ்வொருவர் வாயிலும் கடலையைப் போட்டுக்கொண்டே போனாள். மாமாவுக்கு நான் தோளில் இருந்தபடி ஊட்டினேன். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஆளுக்கு ஒரு கோல் என்று இருந்தபோது, முடிவதற்குச் செத்த நேரம் முன்னால், எங்கள் ஊர் ஆள் அடித்த பந்து கோலின் மேல்கம்பத்தில் பட்டு நேராகக் கீழே விழுந்தது. கோட்டைத் தாண்டி விழுந்தது என்றார்கள் எங்கள் ஆட்கள். தாண்டவில்லை என்றார் நடுவர். போன வருஷத்து நடுவர் இல்லை, ஆனால் அதே பதில்.

மாமா ஒரு கையால் வடத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என்னைத் தோளிலிருந்து இறக்கினார். உடனே அந்தக் கையையும் வடத்தில் வைத்தார்.

பெரியப்பா அதைப் பார்த்துவிட்டார். மைதானத்தைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். "நில்லுங்கலே. ஏலே மாப்ளே, நில்லு" என்று அவர் என் பக்கத்தில் வந்து நின்று கத்தினது எனக்குத் தெளிவாகக் கேட்டது. மாமாவுக்குக் கேட்கவில்லை. அவர் உள்ளே கால் வைத்தார். பின்னால் நாற்பது பேரும் வைத்தார்கள்.

ஆனால் ஒருவன்கூடக் கையை விடவில்லை. வடத்தோடுதான் உள்ளே போனார்கள். வடம் ஒன்றுதானே. இந்தப் பக்கம் உள்ளே போகப் போக, அந்தப் பக்கம் நின்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன்களையும் அது இழுத்துக்கொண்டு வந்தது. அவர்களும் விடவில்லை. பெரிய வளையம் சின்ன வளையமாகி, ஆட வந்த இருபத்திரண்டு பேரையும் வாரிச் சுருட்டிக்கொண்டு, நடுவில் பந்தைக் கட்டிப்பிடித்து நின்ற நடுவரிடம் வந்து நின்றது. இரண்டு ஊரும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. அடிப்பதென்றால் கையை எடுக்க வேண்டும். எடுத்தால் எதிரில் இருப்பவன் பார்த்துவிடுவான். அப்படி நின்றுகொண்டு ஒருவனை எவ்வளவு நேரம் திட்ட முடியும். யாரோ ஒருவன் கடலை வாயோடு சிரித்தான். அப்புறம் இன்னொருவன்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"உள்ள மொதல்ல வந்தது யாரு?"

தேர் இழுத்தவர்களில் முதலில் இழுத்தது யார் என்று யார் சொல்ல முடியும்.

"சொல்ல மாட்டீங்க. சரி, இந்தா முன்னால நிக்கிறவன் பேரை எழுதிக்கிறேன்" என்று மாமாவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

மாமா முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டீஸின் கடைசி வரியை நினைத்துக்கொண்டேன்.

"சார், இழுங்கன்னு கொரல் குடுத்தது நான்தான்" என்றார் பெரியப்பா. "தேரு ஞாவகத்துல வாயில வந்திருச்சு. பயலுக சொன்னதச் செஞ்சானுக. வடம் போட்டதும் நான்தான், சார்."

"இல்ல பெரியப்பா" என்றேன் நான். "நீங்க நில்லுங்கன்னுதான சொன்னிய."

பாடப் புத்தகம் வாசிக்கிற குரலில் சொன்னேன். மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். இன்ஸ்பெக்டர் குனிந்து என்னைப் பார்த்தார்.

"எத்தனாங் கிளாசு?"

"மூணு முடிச்சு நாலு போறேன்."

"நல்லாக் கேட்டியா?"

"சின்னப்புள்ள சார்" என்று பெரியப்பா என் தலையில் கை வைத்தார். கை அழுத்தமாக இருந்தது. "மொதல்ல இழுங்கன்னேன். பொறவுதான் நில்லுங்கன்னேன். பிள்ளைக்குப் பொறவு சொன்னது மட்டும் கேட்டிருக்கு."

இன்ஸ்பெக்டர் மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா வடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்ஸ்பெக்டர் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. "வண்டியில ஏறுங்க பெரியவரே" என்றார்.

ஜீப் வரைக்கும் மாமா பின்னாலேயே போனார். ஜீப்பருகில் நின்று, "மச்சான், நீங்க எதுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"ஏலே, நீ கடல் தாண்டிப் போகணும். நான் வீட்ட விட்டாத் தேரடி, தேரடிய விட்டா வீடு. அதுக்கு எந்தப் பாஸ்போர்ட்டு? பிள்ளையத் தூக்கு, வெயிலு அடிக்கி."

கோப்பை யாருக்கு என்பதற்கு இன்றைக்கும் இரண்டு ஊரிலும் இரண்டு பதில் இருக்கிறது. பள்ளிக்கூடம் திறந்ததும் நான், எங்கள் பெரியப்பா போலீஸ் ஜீப்பில் முன்சீட்டில் போனதை வகுப்பில் எல்லோருக்கும் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் மறதி என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அந்த மாதமே மாமாவுக்குப் பாஸ்போர்ட் வந்தது. அதில் இருந்த அவர் பெயரையும் நான்தான் வாசித்தேன்.

ஆடியில் தேருக்குப் போனோம். வழக்கம்போலப் பெரியப்பா அட்டையை எடுத்து நீட்டுவார் என்று காத்திருந்தேன். நீட்டவில்லை. கேட்டேன். கேஸ் இருக்கிறவனுக்குக் கிடையாது என்றார், கடையில் ஏதோ சரக்குத் தீர்ந்துபோனதைச் சொல்வது மாதிரி. எனக்கு அது நல்லதாகப் பட்டது. மற்ற வருஷமெல்லாம் தேரன்றைக்கு அவரைச் சக்கரத்துக்கும் தூசிக்கும் நடுவில் தூரத்திலிருந்துதான் பார்க்க முடியும். இந்த வருஷம் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருமுனையில் நின்றார். பஞ்சுமிட்டாய் வாங்கித் தந்தார்.

தேர் முனைக்கு வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய யாரோ ஒருவர் கட்டையோடு சக்கரத்தடிக்கு ஓடி வந்தார். வடம் தளர்ந்து மறுபடி இறுகியது. சக்கரம் முனகிக்கொண்டு திரும்பத் தொடங்கியபோது பெரியப்பாவின் இரண்டு கைகளும் என் கணுக்கால்களை இறுக்கிப் பிடித்தன. அவர் வலது கால் மண்ணில் ஊன்றி முன்னால் நகர்ந்தது. எனக்கு வலித்தது.

"கால் வலிக்கி பெரியப்பா" என்றேன்.

அவர் விடவில்லை. தேர் திரும்பி நேரான பிறகுதான் விட்டார். கூட்டத்தில் நான் விழுந்துவிடுவேன் என்று பயந்துதான் அப்படிப் பிடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, மீதிப் பஞ்சுமிட்டாயை அவர் வாயில் ஊட்டினேன்.