கோழிக்கூட்டில் செருகிய கம்பளி

எங்கள் வீட்டுச் சேவல் ஒன்று செத்ததற்கு என் சின்னம்மாவைக் குற்றவாளி ஆக்கினார்கள். சேவலைக் கொன்றவன் நான். சொல்ல வேண்டிய வயதில் இதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்பதற்கு இப்போது அவர்களில் ஒருவரும் இல்லை என்பதால் எழுதுகிறேன். அதிலும் கொஞ்சம் கோழைத்தனம் இருக்கிறது.

கொல்லிமலையில் வாழவந்தி நாட்டில் எங்கள் வீடு; மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. தேசத்தை வெள்ளைக்காரர்கள் ஆள்வதாகக் கீழே சேந்தமங்கலத்தில் பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு அப்பாவின் ஆட்சிதான் தெரியும். எனக்கு அப்போது எட்டு வயது. அந்த வருஷம்தான் சித்தப்பா திண்ணனூர் நாட்டிலிருந்து சின்னம்மாவைக் கட்டி வந்திருந்தார்.

எங்கள் கோழிக்கூடு அடுக்களைச் சுவரை ஒட்டி இருந்தது. இடுப்பு உயரம், கல்லும் மண்ணும் வைத்த சுவர், மேலே புல். மரநாய்க்குப் பயந்து ஊசி நுழையவும் இடமில்லாமல் பூசி வைப்பது எங்கள் வழக்கம். ஐப்பசியில் சாரல் பிடித்துவிட்டால் உள்ளே எச்சமும் ஈரமும் சேர்ந்து நொதிக்கும். காலையில் கதவுப் பலகையை எடுத்ததும் கண் எரியும். கோழிகள் மூக்கொழுகி, கிழவர்களைப் போலக் கொர்கொர் என்று இழுக்கும். நாலைந்து செத்தும் போகும். மழைக்காலம் என்றால் அப்படித்தான் என்று இருந்தோம்.

சின்னம்மா வந்த சில நாளில் கூட்டுக்குள் கையை விட்டு, கூரையின் அடிப்புறத்தைத் தடவி, நனைந்த உள்ளங்கையை அம்மாவிடம் காட்டினாள்.

“கூரை ஒழுவலீங்க அக்கா. இது கோழிவ விட்ட மூச்சு. போறதுக்கு வழியில்லாம மேலயே தண்ணியா நிக்குது.”

மறுநாள் அவளே கடப்பாரை எடுத்து, கூரைக்குச் சற்றுக் கீழே எதிரெதிர்ச் சுவர்களில் சாண் உயரத்துக்கு இரண்டு பொத்துகள் வைத்தாள். காற்று கோழிகளின் தலைக்கு மேலேயே போய்விடும் உயரம் அது. மரநாய் நுழையாதபடி மூங்கில் சிம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள். சாரல் அடிக்காமல் இருக்கப் புல்லை முன்னால் இழுத்துவிட்டாள். ஈரக்குப்பையை அள்ளிப்போட்டு, சாம்பலும் சாமை உமியும் பரப்பினாள்.

“கோழிக்குச் சன்னல் வெச்சாச்சு. அடுத்தாப்பல பாயும் தலகாணியும் வாங்கியாரச் சொல்லுவா, வாங்கியாந்துருங்க” என்று அம்மா சித்தப்பாவைச் சீண்டினாள். எங்கள் வீட்டுக்கே அப்போது சன்னல் கிடையாது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. காற்றுக்கு வழி விட்டால் கருப்புக்கும் வழி விட்டதுபோலத்தான் என்றார். பத்து நாளில் கோழிகளின் இழுப்பு நின்றது.

அந்தக் கூட்டில் என் சேவலும் இருந்தது. முந்தின வருஷம் எனக்குக் கடும் காய்ச்சல் கண்டபோது ஊர்ச்சாமிக்கு நேர்ந்துவிட்ட செஞ்சேவல். தை மாதம் கோயிலில் கொடுக்க வேண்டும். அதற்குள் அது செத்தால், சாமி நேர்ச்சையைத் தள்ளிவிட்டது என்று பொருள். பிள்ளையின் உயிருக்கே ஆகாது என்பார்கள். அதனால் அம்மா எனக்கு முன்னால் அதற்குத்தான் களி உருண்டை போடுவாள்.

கார்த்திகையில் பனி இறங்கியது. கம்பளிக்குள்ளேயே எனக்கு உடம்பு நடுங்கியது. என் சேவல் பொத்து வைத்த கூட்டில் படுத்திருப்பதை நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் என் கம்பளியின் ஓரத்தை இரண்டு பட்டையாகக் கிழித்து, புல்லோடு சேர்த்துப் பொத்துகளில் செருகினேன். விடிந்ததும் சின்னம்மா வருவதற்குள் உருவி, விறகடுக்கில் ஒளித்தேன். நாலைந்து நாள் இப்படியே நடந்தது. கம்பளியைக் கிழித்ததற்கு அடி விழும் என்ற பயம் ஒருபுறம். ரகசியமாகப் புண்ணியம் செய்கிறோம் என்ற பெருமை ஒருபுறம்.

பிறகு சாரல் பிடித்தது. சின்னம்மா வீட்டுக்குத் தூரமாகி, ஊர் ஓரத்துக் குடிசைக்குப் போனாள். அந்த மூன்று நாளும் கோழிகளை வெளியே விடவில்லை. அம்மா பலகையை லேசாகத் தள்ளித் தீனியை வீசிவிட்டு வந்துவிடுவாள். பொத்துகளைப் பார்க்க ஆளில்லாததால் நானும் கம்பளியை உருவவில்லை.

நாலாம் நாள் காலையில் கூட்டைத் திறந்த அம்மா அலறிக்கொண்டே அப்பாவைக் கூப்பிட ஓடினாள். நான் ஓடிப்போய், யாரும் வருவதற்குள் இரண்டு பட்டைகளையும் உருவிவிட்டேன். செஞ்சேவல் மூக்கு மண்ணில் பட விழுந்து கிடந்தது. பக்கத்தில் இரண்டு பெட்டைகள். அப்பா வந்து நின்றபோது பொத்துகள் வழியாகப் பனி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

“நீதான கண்ணு எந்நேரமும் இங்கயே சுத்துவ. காத்து உள்ள போச்சா?” என்று அப்பா கேட்டார்.

“போச்சுங்க. சிலுசிலுன்னு போச்சு” என்றேன்.

குளிர்தான் கொன்றது என்று நானும் நம்பினேன். நான் அடைத்தது போதவில்லை என்றே நினைத்தேன். அதனால் அது முழுப்பொய் அல்ல என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பொத்துகள் மூடியிருந்தது எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் சின்னம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். நேரே கூட்டுக்குப் போய்க் கூரையின் அடியைத் தடவினாள். நனைந்த உள்ளங்கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பொத்து வைத்து நேர்ச்சைச் சேவலைக் கொன்றுவிட்டாள், தை முடியும்வரை தாய்வீட்டில் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். சித்தப்பா கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசி அவருக்குப் பழக்கமில்லை.

புறப்படும் அன்று காலையில் சின்னம்மா என்னைக் கூப்பிட்டாள். அவள் மடியில் என் கம்பளி இருந்தது. கிழிந்த ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அடுக்களையில் இருந்தாள். அப்பா வாசலில் களைக்கொத்துக்குக் காம்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

“கண்ணு, கூட்டுப் பொத்து ரெண்டும் தொறந்தேதான் இருந்துச்சா?”

“ஆமாங்க.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கம்பளியை மடித்து என் கையில் கொடுத்து, “குளிருக்குப் போத்திக்க சாமி” என்றாள்.

தை முடிந்தது. அவளைக் கூப்பிட யாரும் போகவில்லை. பொத்துகளை அப்பா தம் கையாலேயே பூசி அடைத்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பாவுக்கு வேறு பெண் பார்த்தார்கள். அடுத்த ஐப்பசியில் கோழிகள் மறுபடி இழுக்கத் தொடங்கின.

சேந்தமங்கலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு, ஒருநாள் வாத்தியார் கண்ணாடித் துண்டில் வாயால் ஊதி, மூச்சில் நீர் இருப்பதைக் காட்டினார். வகுப்பே எழுந்து பார்த்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன். சேவல் குளிரில் சாகவில்லை, நான் வழியடைத்த மூச்சின் ஈரத்தில்தான் செத்தது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று தெரிய நரை விழ வேண்டியிருந்தது. விவரம் தெரியாமல்தான் சின்னம்மா என்னிடம் கேட்டாள் என்று அவ்வளவு காலமும் நம்பியிருந்தேன். கிழிந்த கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவளுக்கு என்ன தெரியாமல் இருந்திருக்கும்? என்னோடு தனியாகப் பேச வேண்டுமென்றால் குரலைத் தாழ்த்தியிருப்பாள். அவள் தாழ்த்தவில்லை. அடுக்களையில் அம்மாவுக்கும் வாசலில் அப்பாவுக்கும் கேட்கும்படியாக, நான் உண்மையைச் சொல்லட்டும் என்றுதான் கேட்டாள்.