ஆடிக் கூழன்று கண் திறந்து அடித்த தட்சிணாமூர்த்தி

நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் ஐஸ் வண்டி ஓட்டுகிற தட்சிணாமூர்த்தியை எல்லோருக்கும் தெரியும். விடியும் முன்னே ஐஸ் கம்பெனியில் பாளம் பாளமாக ஏற்றிக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குப் போவான். அவன் மேடையேறி டிரம்ஸ் அடித்தவன் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன்.

அவன் அப்பா ராஜாங்கம் மில்லில் தறி ஓட்டினவர். மில்லை மூடிய பிறகு அந்த வீட்டில் பேச்சு மூச்சே இல்லை. அந்த வீட்டுக்குள்தான் இவன் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அடிக்கப் பழகினான். அடுத்த வீடு என்னுடையது. அவன் அடித்தால் என் அலமாரியில் எவர்சில்வர் தட்டெல்லாம் குதிக்கும். திட்டியிருக்கிறேன். அடி நின்றுபோனால், ஏன் நின்றது என்று எட்டியும் பார்த்திருக்கிறேன்.

பிறகு பலராமன் பாட, இளஞ்செழியன் கிட்டார் வாசிக்க, இவன் அடிக்க, 'மூணாம் ஷிப்ட்' என்று ஒரு ராக் பேண்டு வைத்தார்கள். மூன்று பேருமே மில்காரர் வீட்டுப் பிள்ளைகள். பீச்சில் அவர்கள் பாடிய அன்றைக்கு நானும் போயிருந்தேன். கூட்டம் நின்ற இடத்திலேயே நின்று தலையை மட்டும் ஆட்டியது. தட்சிணாமூர்த்தி, முடி முகத்தில் விழ, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அடித்தான். எதிரில் அத்தனை பேர் நின்றும் அவனைப் பொறுத்தவரை அங்கே ஒருத்தரும் இல்லை.

பலராமனுக்கு அம்மா வழியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி. அவன் பாரீசுக்குப் போனான், பேண்டு நின்றது. டிரம்ஸ் தட்சிணாமூர்த்தி வீட்டு மாடி அறையில் பழைய புடவைக்கு அடியில் கிடந்தது. தட்சிணாமூர்த்தி வண்டி வாங்கினான், கல்யாணம் செய்தான், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டான். டிரம்ஸ் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான்.

இத்தனை காலம் கழித்துப் போன வருஷம் பலராமன் திரும்பி வந்தான். மறுபடி பேண்டு, புது ஆல்பம் என்றான். இவன் அன்றைக்கே புடவையை உருவிப் போட்டுவிட்டு டிரம்ஸைத் துடைத்தான். ஆனால் பாட்டு மாறிவிட்டிருந்தது. பலராமன் கொண்டுவந்தது டான்ஸ் பாட்டு. அவன் லேப்டாப்பே தும் தும் தும் தும் என்று ஒரே அளவாக அடிக்கும். அங்கே ஜனங்கள் இதற்குத்தான் ஆடுகிறார்களாம்.

"அப்ப நான் என்னாத்துக்குடா?" என்று கேட்டான் தட்சிணாமூர்த்தி.

"கீழ்அடிய மெஷின் புடிச்சிக்கும். நீ மேல மேல வாசி."

"ஊறுகா மாதிரி தொட்டுக்கவா?"

"அடம் புடிக்காதடா தட்சணா. நீ இல்லாம இந்தப் பேர வெச்சிக்கினு நான் எப்படிப் பாடுவேன்?"

அந்த மாடி அறையிலேயே முயற்சி செய்தான். பாட்டு சூடு ஏறினால் இவன் கை முன்னால் ஓடும், மெஷின் ஓடாது. இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பாட்டாக மற்ற இரண்டு பேரும் இவன் அடியை எடுத்துவிட்டு மெஷின் அடியை மட்டும் வைத்தார்கள். கடைசியாக ஒரே ஒரு பாட்டு மிச்சம். அதையும் அடுத்த வாரம் ஸ்டுடியோவில் முடித்தாக வேண்டும்.

அன்றைக்கு எங்கள் தெருவில் ஆடிக் கூழ். அம்மன் கோயில் முன்னால் அண்டாவில் நான் துழாவிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்த தட்சிணாமூர்த்தி வீட்டு வாசலில் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்னாடா?"

"இந்த ஆல்பத்துல என் கை இல்ல ஆயா. அவனே முடிச்சிக்கட்டும்."

"மூஞ்சத் தூக்கி வெச்சிக்காத. போய் ஏறு."

"நீ கூழப் பாரு ஆயா, அடி புடிக்குது."

சாமிக்கு அடிக்க வரவேண்டிய பம்பைக்காரர்களைப் பக்கத்துத் தெருவில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பெண்கள் சொம்போடு வரிசையில் நின்றார்கள். மாடியில் பலராமன் ஜன்னலைத் திறந்துவிட்டு அந்தக் கடைசிப் பாட்டைப் பெரிதாக வைத்தான். அந்த நேரம் பார்த்து மீன் கூடையோடு வந்த கன்னியம்மாள், கூடையை இறக்கி வைத்தாள், முந்தானையை இடுப்பில் செருகினாள், ஆடத் தொடங்கினாள். முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறவள்!

"அம்மா வந்துட்டாடி!" என்று கத்தினாள் வரிசையில் நின்ற சின்னப்பொண்ணு. மஞ்சள் தண்ணீர் வந்தது, வேப்பிலை வந்தது, கற்பூரம் வந்தது. சாமி வந்தால் குறி கேட்காமல் விடுவார்களா?

"தாயே, எம் பொண்ணுக்கு எப்பக் கல்யாணம் கூடும்?"

"வரன் வந்தா கூடும். எட்ட நில்லுடி, காலு பட்ரும்."

"நாங்க என்னா கொற வெச்சோம் தாயே?"

"கொறையும் இல்ல ஒண்ணும் இல்ல. மேல அந்தப் பாட்ட மட்டும் நிறுத்திடாதீங்க!"

சின்னப்பொண்ணு மாடிக்கு ஓடினாள். "அம்மா உத்தரவு, நிறுத்தாதப்பா!" பாவம், பலராமன் பயந்துபோய் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டான். சாமியே ஆடுகிறது, நாம் ஆடினால் யார் என்ன சொல்வார்கள் என்று வரிசையில் நின்ற பெண்களும் ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். கல்யாண வீட்டில்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்கள்!

கன்னியம்மாள் ஆடியபடியே தட்சிணாமூர்த்தி பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா, காலையில ஐசு குடுத்தவன், இப்ப ஐசாட்டமே ஒக்காந்துக்கினு கீற! எறங்கி அடியேன்டா!"

அவன் எழுந்தான். மாடிக்குப் போய்ப் பெரிய டிரம்மையும் சின்ன டிரம்மையும் தூக்கி வந்து என் அண்டா பக்கத்தில் போட்டான். வழக்கம்போலக் கண்ணை மூடி ஆரம்பித்தான். வழக்கம்போல மெஷினோடு முட்டிக்கொண்டது. மஞ்சள் தண்ணீர் முகத்தில் தெறித்ததோ என்னவோ, கண்ணைத் திறந்தான். எதிரில் அத்தனை கால்கள். ஒரு கணம் குச்சியை அப்படியே தூக்கிப் பிடித்தபடி இருந்தான். பிறகு அந்தக் கால்களைப் பார்த்தே அடித்தான். மெஷின் அது பாட்டுக்குத் தரை மாதிரிக் கிடந்தது. அதன்மேல் கால் எங்கே விழுகிறதோ அங்கே இவன் அடி விழுந்தது. கன்னியம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு அரை நொடி தாமதித்தால், இவன் குச்சியும் காற்றில் தாமதித்தது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. பம்பைக்கு ஆடியதைப் பார்த்தவள்தான் நான். மீன்காரியும், ஐஸ் வண்டிக்காரனும், பாரீசிலிருந்து வந்த மெஷினும் ஒரே மூச்சு விட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பலராமன் இறங்கி வந்து சுவரோரம் நின்றான். எங்கெங்கோ ஆடிவிட்டு வந்தவனுக்கு எங்கள் தெருவில் ஆடக் கூச்சம்.

பாட்டு ஓய்ந்ததும் தட்சிணாமூர்த்தி சொன்னான்: "உன் மெஷின் ஓடட்டும்டா, நான் ஒத்துக்கறேன். ஆனா எதிர்ல ஆளு ஆடணும். செவுத்தப் பார்த்து அடிக்கமாட்டேன்."

"ஸ்டுடியோவுலயுமா?"

"அங்கயுந்தான்."

கன்னியம்மாளும் சின்னப்பொண்ணும் தலைக்குக் குளித்து, பட்டுக் கட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். மெட்டி சத்தம் விழுகிறது, கழற்றிவிடுங்கள் என்று அங்கே ஒருவர் சொன்னாராம். "எம் புருஷன் கல்லாட்டம் கீறான், நான் எதுக்குக் கழட்டணும்?" என்று கேட்டிருக்கிறாள் கன்னியம்மாள். ஜமுக்காளம் விரித்துப் பார்த்தார்கள்; கால் வழுக்கியது. கடைசியில் மெட்டியோடே பதிவு செய்தார்கள்.

அன்றைக்கு வந்தது சாமியா இல்லையா என்று தெருவில் இன்னும் சண்டை ஓயவில்லை. கன்னியம்மாளே இல்லை என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? வந்தது என்றுதான் நான் சொல்வேன்.

ஆல்பம் வந்த அன்று வண்டியை என் வாசலில் நிறுத்தி, என்னை முன்சீட்டில் ஏற்றி, அந்தக் கடைசிப் பாட்டைப் போட்டான். தும் தும் என்று மெஷின் போனது. அதன்மேல் இவன் அடி ஏறியது. அடிக்கு நடுவே கல்கல்லென்று மெட்டி.

"கேக்குதா ஆயா? இதான் நான்."

"பேசாம இருடா," என்றேன். "கேக்க வுடு."