பத்தில் நின்ற பீர்

மில்வாக்கி நகரத் தண்ணீர் இலாகாவில் காலமெல்லாம் மீட்டர் பார்த்தவன் ரோலண்ட் ஹேபெக். வீட்டுக்காரர்கள் அவனோடு பிடிக்காத சண்டையா. "இவ்ளோ தண்ணியையும் நாங்க குடிச்சோமா, குளிச்சோமா, நீயே சொல்லு" என்று வாசலில் நின்று மல்லுக்கு வருவார்கள். அவன் அலட்டிக்கொள்ள மாட்டான். "மீட்டர் சொல்றதுதாங்க கணக்கு" என்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி அவனை விட்டுப் போகவில்லை. போயிருந்தால் இதைச் சொல்ல வேண்டிய அவசியமே எனக்கு வந்திருக்காது.

அவனுக்கு ஒரே அக்கா, ஆர்டிஸ். மாடிவீட்டில் அவள், கீழ்வீட்டில் இவன், அதற்கும் கீழே நிலவறையில் பீர். இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கல்யாணம் என்று ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. பீர் நிலைத்தது. குளிர்காலம் வந்தால் இருவருமாக பார்லி மால்ட்டைக் காய்ச்சி, சாற்றை ஆறவைத்து, சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட்டைப் போட்டு, வாளியை மூடி வைப்பார்கள். அளவெல்லாம் தம்பி, ருசியெல்லாம் அக்கா. சின்ன வயதில் வந்த ஏதோ மூக்கு வியாதியில் ரோலண்டுக்கு வாசனை, ருசி எல்லாம் மங்கிப்போய்விட்டது. வாயில் போட்டது உப்பா சர்க்கரையா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வான். ஆர்டிஸ் அப்படியில்லை. வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குக் கூட்டம் தெருவில் வந்து நிற்குமே, அப்படிப்பட்ட ஒரு மதுக்கடையின் சமையலறையை ஆண்டவள் அவள். மாவில் ஒரு சிட்டிகை உப்பு குறைந்தாலும் அவள் நாக்குக்குத் தெரிந்துவிடும்.

அந்த நாக்கைத்தான் முதலில் வியாதி தின்றது. கணையத்தில் புற்றுநோய். மருந்து ஏற ஏற, எதைத் தின்றாலும் தகரத்தை நக்குவது போல இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவாள். கிறிஸ்துமஸ் கழிந்ததும், இனி மருந்து வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

மருந்து நின்ற பிறகு மெல்ல மெல்ல ருசி திரும்பியது. ஒருநாள் மாடியில், கீழ்வீடுவரை இறங்கும் ஹீட்டர் குழாயைக் கரண்டியால் தட்டினாள். மேலே வா என்று அவனைக் கூப்பிடுவது அப்படித்தான். போனான்.

"டேய் ரோலி, இன்னிக்கு வெண்ணெய்ல வெண்ணெய் ருசி தெரிஞ்சுதுடா."

"நெசமாவா?"

"பின்ன, உன்கிட்ட பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது. நம்ம கறுப்பு பீரைப் போடு. நுரையோட ஒரு கிளாஸ் குடிக்கணும். அது போதும் எனக்கு."

அந்த வாரமே காய்ச்சினான். சனியன், அன்றைக்கென்று சர்க்கரை அளக்கும் கண்ணாடி மிதவை கைநழுவிக் கழுவுதொட்டியில் விழுந்து சுக்குநூறாகப் போனது. என்றைக்கோ தள்ளுபடியில் வாங்கிப்போட்ட ஒரு குட்டிக் குழாய் அலமாரியில் கிடந்தது, அதுவும் சர்க்கரை பார்க்கிற கருவிதான். அதன் நுனியில் ஒரு துளி விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணை வைத்துப் பார்த்தால் எண் தெரியும். பதினெட்டரை காட்டியது. சரியான எண்தான். ஈஸ்ட்டைப் போட்டான். வாளி நாலைந்து நாள் குமுகுமுவென்று குமிழி விட்டது. பிறகு அடங்கியது. குழாயில் பார்த்தான். பத்து.

ஐந்துக்கு வரவேண்டிய பீர் பத்தில் நின்றுவிட்டது. பாதிச் சர்க்கரை அப்படியே கிடக்கிறது. இந்த நிலையில் பாட்டிலில் அடைத்தால் உள்ளுக்குள்ளேயே பொங்கி வெடித்துவிடும். வருஷங்களுக்கு முன்னால் அவன் அவசரப்பட்டு அடைத்து, ஒன்று வெடித்து, ஆர்டிஸின் தாடையைக் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் அடைத்துச் சில வாரம் வைத்தால்தானே நுரை வரும். அவள் கேட்டது நுரையோடு ஒரு கிளாஸ்.

மனுஷன் செய்யாததில்லை. வாளியைக் கொதிகலன் பக்கத்தில் நகர்த்தினான். கம்பளியைச் சுற்றினான். அடியில் தூங்கிக் கிடக்கும் ஈஸ்ட் எழட்டும் என்று வாளியைப் பிடித்து மெதுவாகச் சுழற்றினான். புது ஈஸ்ட்டைத் தனியாகப் பொங்கவைத்துக் கொண்டுவந்து ஊற்றினான். துளி விட்டுப் பார்த்தால் பத்து. மறுநாளும் பத்து.

கடைசியில் ஒரு சின்னக் கோப்பையில் மொண்டு மாடிக்குக் கொண்டுபோனான். ஆர்டிஸ் தலையணையில் சாய்ந்தபடி ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி, விழுங்கினாள்.

"ஏன்டா, முடிஞ்சதக் கொண்டாந்து முடியலைங்கிற?"

"முடியல ஆர்டிஸ். பத்துலயே நிக்குது."

"பத்தாவது, பதினொண்ணாவது. இதுல இனிப்பே இல்லையேடா. கடைசியில ஒரு கசப்பு வருது பாரு, ரொட்டியோட கருகின ஓரம் மாதிரி. நம்ம பீருதான். பேசாம அடைச்சிரு."

"பத்துன்னா பாகு மாதிரி இனிக்கணும்."

"குடிச்சது நானா, உன் குழாயா?"

அவன் நல்லபடியாகத்தான் சொல்ல நினைத்தான். வார்த்தை வந்தது இப்படி. "மருந்து உன் நாக்கக் கெடுத்து வச்சிருக்கு. அது இன்னும் சரியாகல போல."

ஆர்டிஸ் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த வெண்ணெய்?" என்றாள்.

அவன் கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டான். அதற்குப் பிறகு அவன் சூப் கொண்டுபோய், எப்படி இருக்கிறது என்று கேட்டால், "எனக்கென்னடா தெரியும்" என்பாள். கோபமாகக்கூடச் சொல்லமாட்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புது மிதவை ஒன்றும் கிடைக்காத பொருளில்லை, பஸ்ஸில் போனால் கடை. அவன் போகவில்லை. பீர் முடிகிறவரை அக்கா போகமாட்டாள் என்று அவன் மனசில் ஒரு நினைப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. பத்து என்று பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும், கூடவே ஒரு நிம்மதியும் வரும். பாவி, அந்த நிம்மதியை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

கூரைப் பனி உருகிச் சொட்ட ஆரம்பித்த ஒரு காலையில் ஆர்டிஸ் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து, தேவாலயக் கூடத்தில் எல்லாரும் ஹாம் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் சாப்பிட்டார்கள். ரோலண்டும் சாப்பிட்டான். யாருக்கோ தலையாட்டினான். அடுத்த வாரம் அந்த வாளியைச் சாக்கடையில் கவிழ்த்துவிடுவது என்று முடிவு செய்தான். ஆனால் அளக்காமல் கொட்ட மனசு வராத ஜென்மம் அவன். மிதவை வாங்கக் கிளம்பினான்.

கடைக்காரி கெய்லுக்கு அவனோடு பல வருஷப் பழக்கம். அக்கா போனது அவளுக்குத் தெரியாது. நின்றுபோன பீரைப் பற்றிச் சொன்னான்.

"எதுல பாத்தீங்க?"

"துளி விட்டுப் பாக்கற குழாய்ல."

கெய்ல் சிரித்துவிட்டாள். "அது காய்ச்சின அன்னிக்குப் பாக்கத்தாங்க. பொங்கி ஆல்கஹால் வந்துட்டா அது சர்க்கரையக் கூடுதலாத்தான் காட்டும். பத்துன்னா காட்டுச்சு? அப்ப அஞ்சு இருக்கும். எப்பவோ முடிஞ்சிருக்கும் உங்க பீரு. எல்லாரும் ஒரு தடவ ஏமாறுறதுதான். அக்காவ ஒரு வாய் குடிச்சுப் பாக்கச் சொல்லியிருந்தா அவங்களே சொல்லியிருப்பாங்களே."

"சொல்லத்தான் சொன்னா" என்றான் ரோலண்ட். மிச்சச் சில்லறையை வாங்காமலே வெளியே வந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நிலவறைக்கு இறங்கினான். உயரக் கண்ணாடிக் குவளையில் பீரை ஊற்றி மிதவையை விட்டான். அது ஆடி ஆடி ஐந்தில் நின்றது. எடுத்துத் துடைத்து மறுபடியும் விட்டான். ஐந்து.

ஒரு கிளாஸ் மொண்டுகொண்டு மாடி ஏறினான். ஆர்டிஸுக்காக ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கட்டிலைத் திருப்பி எடுத்துப் போயிருந்தார்கள். ஹீட்டர் குழாயடியில் கரண்டி மட்டும் கிடந்தது. நுரையில்லாத அந்தக் கறுப்பு பீரை ஒரு வாய் குடித்தான். அதை வாயிலேயே வைத்துக்கொண்டு ரொட்டியின் கருகின ஓரத்தைத் தேடினான். கிடைக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தான். ஈரமாக, சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். நன்றாக வந்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல இந்த வீட்டில் இனி ஆள் இல்லை.

"உன் நாக்கு சரியாத்தான் இருந்துச்சு, ஆர்டிஸ்" என்றான். சத்தமாகத்தான் சொன்னான். பிறகு கட்டில் கிடந்த இடத்தில், தரையில் உட்கார்ந்து அழுதான்.